ஒரு ஸ்காட்டிஷ் பிரபுவுக்குக் குடும்பம் என்றால் என்ன? ஆர்கைல் மார்க்விஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைப் பற்றிப் படிக்க உட்காருகிறவர்கள் சீக்கிரமே ஆர்கைல் என்ற பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஒரு ஆர்கைல் ஸ்பெயின் மன்னரின் படையில் போய்ச் சேர்ந்தார், ஒரு ஆர்கைல் தன் மன்னருக்குக் கிரீடம் சூட்டினார், இன்னொருவர் வேலைக்காரப் பையன் வேடத்தில் கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார், அடுத்தவர் டியூக் ஆனார். இவர்களில் இருவருக்குத் தலை போனது. நால்வருக்கும் ஒரே பெயர்: ஆர்ச்சிபால்ட் கேம்பல். அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன்.

இந்தக் கட்டுரை கிரீடம் சூட்டியவரைப் பற்றியது, அதாவது 8ஆவது ஏர்ல், முதலாம் மார்க்விஸ். பெரும்பாலான கதைகளில் இவர்தான் வில்லன். எதிரே நிற்கிற மான்ட்ரோஸ் மார்க்விஸ் வீரர், கவிஞர், அழகர், எனவே கதாநாயகன். எனக்கு இந்தப் பங்கீட்டில் உடன்பாடு இல்லை. ஆர்கைல் நல்லவர் என்று வாதாட வரவில்லை, அவர் பேரைச் சொல்லி நடந்த கொடுமைகள் கீழே வரும். ஆனால் அவர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்று புரிய வேண்டுமானால் போர்க்களத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்காட்டிஷ் பிரபுவுக்குக் குடும்பம்தான் சொத்து, படை, நீதிமன்றம், கட்சி எல்லாமே.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆர்கைல் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் உள்ளே புகுந்து கிழித்துவைத்த கடற்கழிகளும் மலைகளும் நிறைந்த ஒரு பகுதி. ‘ஏர்ல்’ என்பது பட்டம், அதற்கு ஒரு படி மேலே மார்க்விஸ், அதற்கும் மேலே டியூக். கேம்பல் என்பது குலப்பெயர். பட்டத்துக்கு வரவேண்டிய மூத்த மகனை, அப்பா உயிரோடு இருக்கும்வரை, லோர்ன் பிரபு என்று அழைப்பார்கள். ஆக ஒரே ஆள் இளமையில் லோர்ன், அப்பா போனபின் ஆர்கைல். அப்புறம், கேலிக் மொழி பேசும் மலைநாட்டு மக்களுக்கு இவர் ஏர்லும் இல்லை மார்க்விஸும் இல்லை, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய காலின் என்ற மூதாதையின் பெயரால் ‘மக் கேலன் மோர்’, குலத்தலைவர். எடின்பரோவில் அரசவைப் பிரபு, ஆர்கைலில் தன் கோட்டை இருந்த இன்வரேரியில் குலத்தலைவர் என்று இரண்டு வாழ்க்கை. பெண்களின் பெயரிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்காட்லாந்தில் அப்போது கல்யாணமானாலும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ஆர்கைலின் மனைவி கடைசிவரை மார்கரெட் டக்ளஸ்தான்.

பிரபு என்றால் நிலம் வைத்திருப்பவர் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். நிலத்தோடு சேர்ந்து நீதி வழங்கும் உரிமையும் பரம்பரையாக வந்தது. ஆர்கைல் குடும்பத்துக்கு ஸ்காட்லாந்து முழுமைக்குமான தலைமைக் குற்றவியல் நீதிபதிப் பதவியே பரம்பரைச் சொத்தாக இருந்தது. 1628இல் நம் ஆர்ச்சிபால்ட் அதை மன்னர் முதலாம் சார்லஸிடம் ஒப்படைத்தபோதுகூட ஆர்கைலுக்கும் மேற்குத் தீவுகளுக்குமான நீதி அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். குத்தகைதாரர் வாரம் கொடுக்கிறவர், வழக்கு என்றால் அவர் முன்னால் நிற்கிறவர், போர் என்றால் அவருக்காக வாள் எடுக்கிறவர். இந்தப் பரம்பரை நீதி உரிமைகள் முடிவுக்கு வர 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆனது.

சரி, ஆளுக்கு வருவோம். ஆர்ச்சிபால்ட் 1605க்கும் 1607க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். தாய் ஆக்னஸ் டக்ளஸ், மார்ட்டன் ஏர்லின் மகள். அந்தத் தாய்வழித் தாத்தாவைப் பலருக்குத் தெரிந்திருக்கும்: ஸ்காட்லாந்து ராணி மேரியை 1567இல் லாக்லெவன் கோட்டையில் அடைத்து வைத்திருந்தவர் அவர்தான். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட, தந்தை 1610இல் ஆன் கார்ன்வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பெண்ணை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்து 1560இலேயே புராட்டஸ்டன்ட் நாடாகிவிட்டது. அப்படியிருக்க நாட்டின் மிகப் பெரிய பிரபுக்களில் ஒருவர் 1618இல், உடல்நலத்துக்காக ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று மன்னரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போய், வெளிப்படையாகக் கத்தோலிக்கராக மாறி, ஃபிளாண்டர்ஸில் ஸ்பெயின் படையில் சேர்ந்தார். அவரைத் துரோகி என்று அறிவித்தார்கள். பிற்பாடு அந்தத் தீர்ப்பு நீங்கினாலும் அவர் ஸ்காட்லாந்தில் வந்து வாழவில்லை. லண்டனிலேயே 1638இல் இறந்தார். பதின்ம வயதில் இருந்த மகனின் தலையில் பெரும் கடன், தூரத்தில் உட்கார்ந்து வருமானம் கேட்கும் தந்தை, சுற்றிலும் காத்திருக்கும் எதிரிக் குலங்கள். பையனுக்குக் காப்பாளராக நின்றவர் தாய்வழி உறவினரான அடுத்த மார்ட்டன் ஏர்ல். அவர் மகள் மார்கரெட்டைத்தான் 1626இல் ஆர்ச்சிபால்ட் கல்யாணம் செய்துகொண்டார்.

அதற்குமுன் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே வில்வித்தைப் போட்டியில் ஜெயிக்கிறவர் தன் பெயரும் குலச் சின்னமும் பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். 1623இல் ஆர்கைல் செய்து கொடுத்த பதக்கமும் 1628இல் மான்ட்ரோஸ் செய்து கொடுத்த பதக்கமும் இன்றைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பின்னாளில் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்த்த இரண்டு பேர், ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே ஊரில் ஒரே போட்டியில் ஜெயித்தவர்கள்.

தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவே இல்லை. கின்டையர் தீபகற்பத்தைத் தந்தை இரண்டாம் மனைவியின் மகன் ஜேம்ஸுக்கு எழுதிவைத்துவிட்டார். அது கேம்பல்கள் மெக்டொனால்டு குலத்திடமிருந்து கைப்பற்றிய நிலம், மெக்டொனால்டுகள் அதை மறக்கவே இல்லை. 1635இல் அந்த ஜேம்ஸ், பணமுடை காரணமாக, கின்டையரை அயர்லாந்தின் ஆன்ட்ரிம் ஏர்ல் குடும்பத்துக்கு விற்கப் போனார், ஆன்ட்ரிம்காரர்களும் மெக்டொனால்டுகளே. லோர்ன் பிரபு பதறியடித்து அரசவை மூலம் அந்த விற்பனையைத் தடுத்தார். இதைச் சாதாரண அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்று தாண்டிப் போய்விடக் கூடாது. ஒன்பது வருஷம் கழித்து, 1644இல், அதே ஆன்ட்ரிம் அனுப்பிய ஐரிஷ் படைதான் அலஸ்டேர் மக் கோலா தலைமையில் வந்து மான்ட்ரோஸோடு சேர்ந்து ஆர்கைல் நாட்டைக் கொளுத்தியது. அந்தப் படையில் பலருக்கு மன்னரைவிட கேம்பல்மீதான பழைய பகைதான் முக்கியம்.

தந்தையே முதலாம் சார்லஸிடம், இவனை நம்பாதீர்கள், சமயம் கிடைத்தால் உங்களுக்குக் கெடுதல் செய்வான் என்று எச்சரித்ததாக அரச கட்சியைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நடந்து முடிந்த பிறகு எழுதியது என்பதால் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நிலவிய கசப்புக்கு அது சாட்சி.

இப்போது, எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. மலைநாட்டுக் குலங்களில் பிள்ளையைப் பெற்றவர்கள் வளர்ப்பதில்லை, குலத்துக்குள்ளேயே நம்பிக்கையான இன்னொரு வீட்டில் சில ஆண்டுகள் வளரவிடுவார்கள். அது அன்புக்கும் அன்பு, அரசியலுக்கும் அரசியல்: வளர்த்த வீடும் பெற்ற வீடும் ரத்த உறவைப்போலவே கட்டுப்படும். ஆர்ச்சிபால்டும் மார்கரெட்டும் 1629இல் பிறந்த தங்கள் மூத்த மகனை, இன்னொரு ஆர்ச்சிபால்டை, 1630களில் கிளெனோர்க்கியின் சர் காலின் கேம்பல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளெனோர்க்கி கேம்பல்கள் குலத்தின் அடுத்த பெரிய கிளை. அவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அங்கே போன கடிதங்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், பையனுக்குக் கேலிக் பேசுவதில் சலிப்பு வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம், இவ்வளவு காலம் பாடுபட்டுக் கற்றதைச் சோம்பலால் இழந்துவிடக் கூடாது, தயவுசெய்து பேசவையுங்கள் என்று கேட்கிறார்கள். அரசவைக்கு வேண்டியது ஸ்காட்ஸும் ஆங்கிலமும், லத்தீனும் பிரெஞ்சும். இருந்தாலும் தன் ஆட்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரியாதவன் குலத்தலைவனாக முடியாது என்று அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. வில்லன் என்று எழுதப்பட்ட ஆளின் வீட்டுக் கடிதங்களில் இருக்கிற கவலை இதுதான்.

1638இல் ஸ்காட்லாந்து பொங்கியது. முதலாம் சார்லஸ் ஆங்கிலேய முறை வழிபாட்டு நூலைத் திணிக்க, பிப்ரவரியில் எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் தேசிய உடன்படிக்கை கையெழுத்தானது. தங்கள் திருச்சபையில் மன்னர் புகுத்தும் மாற்றங்களை ஏற்க மாட்டோம் என்பது அதன் சாரம். மான்ட்ரோஸ் ஆரம்பத்திலேயே கையெழுத்திட்டவர். ஆர்கைல் பொறுத்திருந்தார். நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய திருச்சபைப் பேரவையை மன்னரின் பிரதிநிதி கலைத்துவிட்டு வெளியேறியபோது ஆர்கைல் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். அந்த ஆண்டுதான் தந்தை இறந்து அவர் ஏர்ல் ஆகியிருந்தார். அன்றிலிருந்து ஸ்காட்லாந்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது என்கிற நிலை. 1641இல் எடின்பரோவுக்கு வந்த மன்னரே வேறு வழியின்றி அவரை மார்க்விஸ் ஆக்கினார்.

பிறகு மன்னருக்கும் உடன்படிக்கைக் கட்சிக்கும் போர் மூண்டபோது மான்ட்ரோஸ் மன்னர் பக்கம் போய்விட்டார். 1644 டிசம்பரில், பனிக்காலத்தில் யாரும் மலை தாண்டி வர முடியாது என்று எல்லாரும் நம்பிய நேரத்தில், அவர் படை இன்வரேரிக்குள் நுழைந்தது. ஆர்கைல் ஃபைன் கடற்கழி வழியாகப் படகில் தப்பினார். 1645 பிப்ரவரி 2 அன்று இன்வர்லாக்கியில் நடந்தது அதைவிட மோசம். குதிரையிலிருந்து விழுந்து தோள்மூட்டு விலகியிருந்த ஆர்கைல் கப்பலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, கரையில் அவர் உறவினர் ஆகின்பிரெக் தலைமையில் நின்ற கேம்பல் படை நொறுங்கியது. சுமார் 1,500 பேர் செத்தார்கள், ஆகின்பிரெக் உட்பட. செத்தவர்களில் பலருக்கு அவர் தலைவர், உறவினர், நிலக்கிழார், எல்லாம் ஒருவரே. அந்தப் பழி அவரை விட்டு நீங்கவே இல்லை.

பதிலுக்கு நடந்ததும் கொடூரம். 1646இல், எழுத்துமூலம் உயிர்ப் பிச்சை உறுதி கொடுக்கப்பட்டுச் சரணடைந்த லாமான்ட் குலத்தாரை, ஆர்கைலின் உறவினர்கள் டனூனில் நூற்றுக்கும் மேல் கொன்றார்கள், பலரை மரத்தில் தூக்கிலிட்டார்கள். ஆர்கைல் அங்கே இல்லை. தான் உத்தரவிடவில்லை என்றார். ஆனால் குலத்தலைவர் என்றால் குலத்தின் பாவமும் அவர் கணக்கில்தான், 1661இல் இதுவும் குற்றப்பத்திரிகையில் ஏறியது.

கல்யாண உறவுகள் என்ன செய்தன என்று பார்த்தால் இன்னும் சிக்கல். அக்காள் ஆன் கேம்பல் 1607இலேயே வடகிழக்கின் பெரிய கத்தோலிக்கக் குடும்பமான கார்டன்களுக்கு மருமகளாகப் போனவர். கணவர் பின்னாளில் ஹன்ட்லி மார்க்விஸ். இரண்டு பெரிய வீடுகளைச் சேர்த்துவைக்கச் செய்த சம்பந்தம் அது. போர் வந்தபோது அந்த ஹன்ட்லி மன்னர் பக்கம். அக்காள் மகன்களோ இரண்டுக்கும் நடுவே கிழிந்தார்கள். மூத்தவரான கார்டன் பிரபு 1644இல் தாய்மாமன் ஆர்கைலோடு இருந்தார், 1645இல் மான்ட்ரோஸ் பக்கம் தாவினார், அந்த ஜூலையிலேயே ஆல்ஃபர்டு போரில் மான்ட்ரோஸுக்காகச் செத்தார். இன்னொரு பக்கம், கடனில் மூழ்கியிருந்த ஹன்ட்லியின் மகள்களுடைய சீதனத்துக்குத் தாய்மாமன் பொறுப்பேற்றார், கடன்களையும் வாங்கிக்கொண்டார், அந்தக் கடன் பத்திரங்களை வைத்தே கார்டன் நிலங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 1649 மார்ச்சில் ஆர்கைல் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே ஹன்ட்லிக்கு எடின்பரோவில் தலை வெட்டப்பட்டது. மருமகள்களைக் கரையேற்றினாரா, அத்தானின் சொத்தை அபகரித்தாரா என்று கேட்டால், இரண்டையும் ஒரே கையெழுத்தில் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாம் சார்லஸை இங்கிலாந்து கொன்றபின் ஸ்காட்லாந்து அவர் மகனை அழைத்தது. 1650 மே 21 அன்று மான்ட்ரோஸை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டாம் சார்லஸ் வந்து இறங்கினார். ஆர்கைலின் பிடியில் இருந்த அந்த இளம் மன்னர், வசதி வந்ததும் உம்மை டியூக் ஆக்குகிறேன், 40,000 பவுண்டு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஆர்கைல் தன் மகள் ஆனை மன்னருக்குக் கட்டிவைக்கவும் முயன்றார். அம்மாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சார்லஸ் காலம் கடத்த, அது நடக்கவில்லை. 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோன் நகரில் மன்னருக்குக் கிரீடம் சூட்டியது ஆர்கைலின் கை.

அந்த ஆட்சி ஓராண்டுகூட நிற்கவில்லை. மன்னரைக் கொன்ற இங்கிலாந்தின் தளபதி கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்து முழுவதையும் பிடித்தது. ஆர்கைல் பணிந்துபோனார். அவர் மகன் லோர்ன், அதே கேலிக் பேசச் சலித்த பையன், 1653இல் தந்தையின் பேச்சை மீறி மன்னருக்கான கிளர்ச்சியில் சேர்ந்தார். தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் நின்றால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் சொத்து தப்பும் என்று திட்டமிட்டார்களோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது உண்மையான பிளவாகத்தான் தெரிகிறது. பலன் என்னவோ அப்படித்தான் அமைந்தது.

1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். வாழ்த்துச் சொல்ல லண்டனுக்குப் போன ஆர்கைலைப் பார்க்கக்கூட மறுத்து டவர் சிறையில் போட்டார்கள். எடின்பரோவில் ராஜத்துரோக வழக்கு. பழைய மன்னரின் கொலையில் பங்கில்லை என்று தப்பிவிடுவார்போலத் தெரிந்த கட்டத்தில், கிராம்வெல் காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்த ஆங்கிலப் படைத் தளபதி ஜெனரல் மாங்குக்கு அவர் எழுதிய கடிதங்கள் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தன, கதை முடிந்தது. சிறையில் மார்கரெட் தன் உடையை மாட்டிவிட்டு அவரைத் தப்பவைக்கப் பார்த்ததாகவும், கடைசி நேரத்தில் அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. 1661 மே 27 அன்று ‘மெய்டன்’ என்ற தலைவெட்டும் கருவியில் அவர் தலை விழுந்தது. மான்ட்ரோஸின் தலை பல ஆண்டுகள் குத்தப்பட்டிருந்த அதே கம்பியில் இந்தத் தலையையும் குத்தினார்கள். அந்த மெய்டன் இன்று எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு சட்டம் தெரிய வேண்டும். ராஜத்துரோகத் தீர்ப்பு ஆளை மட்டும் கொல்வதில்லை, பட்டத்தையும் நிலத்தையும் வாரிசிடமிருந்தே பறித்துவிடும். அதனால்தான் பிரபுக்கள் சாவைவிட அதற்கு அஞ்சினார்கள். லோர்ன் மன்னருக்காகப் போராடியவர் என்றாலும் அதற்காக மட்டும் யாரும் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. 1662இல் ஒரு கடிதத்தில் மன்னரின் ஆட்களைக் குறைசொன்னார் என்று அவருக்கே மரண தண்டனை விதித்தார்கள். காப்பாற்றியது கல்யாணம். லோர்னின் மனைவி மேரி ஸ்டூவர்ட்டின் தாயும், மன்னருக்கு நெருக்கமான லாடர்டேல் பிரபுவின் மனைவியும் கூடப்பிறந்தவர்கள். அந்தச் சித்தப்பா முறை பேசியது. 1663இல் ஏர்ல் பட்டம் திரும்ப வந்தது, மார்க்விஸ் பட்டம் வரவில்லை.

இந்த 9ஆவது ஏர்லின் கதை தனியாக எழுத வேண்டியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1681இல் அரசு கேட்ட விசுவாசப் பிரமாணத்தை, புராட்டஸ்டன்ட் நம்பிக்கைக்கு ஒத்துவரும் அளவுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு எடுத்தார். அதையே ராஜத்துரோகம் என்றார்கள். டிசம்பரில், அவரைப் பார்க்க வந்த சோஃபியா லின்ட்சே, அதாவது அவருடைய இரண்டாம் மனைவிக்கு முன் கணவரிடம் பிறந்த மகள், தன் நீண்ட அங்கியின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கிற வேலைக்காரப் பையன் வேடத்தில் அவரை எடின்பரோ கோட்டைக்கு வெளியே கூட்டிவந்தார். வாசலில் காவலாளி கையைப் பிடிக்க அவர் பயத்தில் அங்கியைச் சேற்றில் நழுவவிட்டார் என்றும், சோஃபியா அந்தச் சேற்று நுனியாலேயே அவர் முகத்தில் அடித்து, கவனமில்லாத பயலே என்று திட்டிக் காவலாளியை நம்பவைத்தார் என்றும் சொல்வார்கள். பின்னாளில் சோஃபியா அவருடைய மகன் சார்லஸையே கல்யாணம் செய்துகொண்டார். 1685இல் நாடுகடந்த இடத்திலிருந்து படையோடு திரும்பி வந்து தோற்றுப் பிடிபட்ட 9ஆவது ஏர்லை, புது விசாரணை ஏதும் இல்லாமல், 1681 தீர்ப்பை வைத்தே ஜூன் 30 அன்று அதே மெய்டனில் கொன்றார்கள். மறுபடியும் பட்டம் போனது, நிலம் போனது.

மார்கரெட் டக்ளஸ் மகனின் அந்த முடிவைப் பார்க்கவில்லை, 1678இல் இறந்துவிட்டார். கணவனின் தலை கம்பியில் இருந்த ஆண்டுகளையும், மகனுக்கு முதல் மரண தண்டனை வந்ததையும், வீடு திரும்ப எழுந்ததையும் பார்த்தவர் அவர். கேம்பல் வரலாறுகளில் இவருக்குக் கிடைப்பது சில வரிகள்தான், அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1688இல் ஆட்சி மாறியது: இரண்டாம் சார்லஸுக்குப் பின் மன்னரான தம்பி ஜேம்ஸ் போய், ஜேம்ஸின் மகள் மேரியும் அவர் கணவர் வில்லியமும் வந்தார்கள். 10ஆவது ஏர்ல் ஹாலந்தில் இளவரசர் வில்லியமோடு சேர்ந்துகொண்டு அவரோடே வந்தார். 1689 மே மாதம் லண்டனில் வில்லியத்துக்கும் மேரிக்கும் ஸ்காட்லாந்தின் கிரீடத்தை அளித்து, அரியணைப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. தாத்தாவுக்கு இரண்டாம் சார்லஸ் 1650இல் எழுதிக் கொடுத்துவிட்டுத் தராமல்போன டியூக் பட்டத்தை, 1701இல் இந்தப் பேரனுக்கு வில்லியம் கொடுத்தார்.